டிரக் கம்பெனிய விட்டு வெளிய வரணும், டேக் ரிப்போர்ட்ல கறை விழாம எப்படி?

ஓடிஆர்_தம்பி:
அண்ணன்மாரே, ஒரு உதவி வேணும். அமெரிக்கால சிடிஎல், அதான் லாரி ஓட்டுற லைசென்ஸ், எடுத்து முதல்ல சேந்த கம்பெனிலயே இன்னும் ஓடிஆர் (பல மாநிலம் தாண்டுற நெடுந்தூர ஓட்டம்) ஓட்டிட்டு இருக்கேன். ஹோம் டைம், வீட்டுக்குப் போற லீவு, கேட்டா அடுத்த வாரம் அடுத்த வாரம்னே இழுக்குறாங்க, வீட்ல எல்லாரும் நொந்து போயிட்டாங்க. இன்னொரு கம்பெனில ரீஜனல் வேலை (ஒரு பகுதிக்குள்ளயே ஓடுறது) இருக்கு வாங்கன்னு போன்ல சொல்லிருக்காங்க. ஆனா லோட் குடுக்கிற என் டிஸ்பேட்சர் பாதில விட்டா உன் டேக் ரிப்போர்ட்ல, அதான் அடுத்த கம்பெனி பாக்குற வேலை வரலாறுல, எழுதிருவோம்னு மிரட்டுறார், ட்ரக் ஸ்டாப்ல பாக்குற ஆளுங்களோ சாவிய சீட்ல வச்சிட்டு பஸ் ஏறிருன்னு சொல்றாங்க. எதுல என்ன விழும்னே புரியல, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டேங்கர்_அண்ணன்:
தம்பி முதல்ல ஒண்ணு, அந்த பஸ் ஏறுற யோசனைய இப்பவே விட்டுருங்க. வேலைய விட்டதுக்காக யாரும் உங்கள ஒதுக்க மாட்டாங்க, இந்தத் தொழில்ல கம்பெனி மாறாத டிரைவரே கிடையாது. வண்டிய நடுவழில போட்டுட்டுப் போயிட்டார்னு ஒரு வரி விழுந்துச்சுன்னா தான் ஆபத்து, நல்ல கம்பெனில ரெக்ரூட்டர் அதப் பாத்ததும் அப்ளிகேஷன மூடி வச்சிருவார்.

டேக்னு சொல்றது ஹயர்ரைட்ங்கிற தனியார் கம்பெனி வச்சிருக்கிற வேலை வரலாறு, அரசாங்கத்தோடது இல்ல. பழைய கம்பெனி எழுதுறது தான் அதுல ஏறும், எதனால போனார், திரும்ப எடுப்பாங்களா, நோட்டீஸ் குடுத்தாரா, இந்த மாதிரி. பிஎஸ்பி ரிப்போர்ட் வேற, அது எஃப்எம்சிஎஸ்ஏங்கிற அரசாங்க லாரி பாதுகாப்புத் துறையோட பதிவு, 5 வருஷ விபத்தும் 3 வருஷ ரோட்சைடு இன்ஸ்பெக்‌ஷனும் இருக்கும், உங்க டிஸ்பேட்சர் நெனச்சா அதுல ஒரு எழுத்து கூட சேக்க முடியாது. அதனால அவர் மிரட்டல் எல்லா ரெக்கார்டுக்கும் சேத்துன்னு பயப்படாதீங்க.

இப்ப செய்ய வேண்டியது. போன்ல சொன்ன வேலைய வேலைன்னு எடுத்துக்காதீங்க, ஓரியண்டேஷன் தேதியோட எழுத்துல வாங்குங்க, அப்புறம் தான் நோட்டீஸ். அது ஈமெயில்ல போகணும், டிஸ்பேட்சருக்கு மட்டும் இல்லாம ஹெச்ஆருக்கும் சேஃப்டிக்கும் சேத்து அனுப்புங்க, கடைசி நாள் எது, வண்டிய எந்த டெர்மினல்ல ஒப்படைப்பேன்னு தெளிவா எழுதுங்க, பொதுவா ரெண்டு வாரம் குடுத்தா போதும். கம்பெனி ஈமெயில்ல இருந்து அனுப்பாதீங்க, வெளிய வந்த அன்னைக்கே அத அடைச்சிருவாங்க, அப்புறம் கையில ஆதாரமே இருக்காது.

கையில இருக்கிற லோட டெலிவரி பண்ணிருங்க. டெர்மினல்ல வண்டிய விடும்போது கேபின் உள்ள, வெளிய, டயரு, ஓடோமீட்டர், டேங்க்ல டீசல் எவ்ளோ, எல்லாத்தையும் நிறுத்தாம ஒரே வீடியோவா எடுங்க. சாவி, ஃப்யூயல் கார்டு, டோல் பாஸ், ஈஎல்டி (ஓட்டுற நேரத்த பதியிற கருவி) டேப்லெட் குடுத்ததுக்கு கையெழுத்து வாங்காம அந்த யார்ட விட்டு நகராதீங்க. கையெழுத்து போட மாட்டேன்னா அங்க நின்னே இன்னார்கிட்ட இத்தனை மணிக்கு ஒப்படைச்சேன்னு அவங்களுக்கே ஒரு ஈமெயில் தட்டி விடுங்க. கம்பெனி காசுல சிடிஎல் படிச்சிருந்தா அந்த கான்ட்ராக்ட்டையும் ஒரு தடவ படிங்க, பாக்கி இருந்தா மொத்தமா கேப்பாங்க.

சேஃப்டி_டெஸ்க்:
நான் சேஃப்டி டிபார்ட்மென்ட்ல இருக்கேன், அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஒண்ணு மட்டும் சேக்கிறேன். நோட்டீஸ் பீரியட்ல போதை, மது ரேண்டம் டெஸ்ட்டுக்கு கூப்பிட்டா கட்டாயம் போயிருங்க. எப்படியும் போகப் போறோமேன்னு போகாம விட்டா அது ரெஃப்யூசல், அதாவது டெஸ்ட்ட மறுத்ததுன்னு கணக்காகி கிளியரிங்ஹவுஸ்ங்கிற அரசாங்க போதை டெஸ்ட் பதிவுல ஏறிரும், அங்க ஏறுனா டேக் மாதிரி வாதாடி எடுத்துற முடியாது. ரிட்டர்ன் டு டியூட்டி, அதாவது நிபுணர் மதிப்பீடும் மறு டெஸ்ட்டும், முடிக்கிற வரைக்கும் எந்த கம்பெனிலயும் ஓட்ட முடியாது, 2024 நவம்பர்ல இருந்து மாநிலமே சிடிஎல்ல டவுன்கிரேடு பண்ணி லாரி ஓட்டுற உரிமைய எடுத்துரும்.

தப்பா எழுதிட்டாங்கன்னா வழி இருக்கு. ஹயர்ரைட்கிட்ட வருஷத்துக்கு ஒரு தடவ உங்க ஃபைல இலவசமா கேட்டு வாங்கலாம், வெளிய வந்து கொஞ்ச நாள் கழிச்சு வாங்கிப் பாருங்க. தப்பு இருந்தா டிஸ்ப்யூட் போடுங்க, பொதுவா 30 நாளுக்குள்ள விசாரிக்கணும், கம்பெனி நிரூபிக்கலன்னா எடுத்தாகணும். அண்ணன் சொன்ன வீடியோவும் கையெழுத்தும் இங்க தான் உங்களக் காப்பாத்தும். அது போக புது கம்பெனி 3 வருஷ சேஃப்டி வரலாற பழைய முதலாளிகிட்ட கேக்கணும்னு ரூல் இருக்கு, வந்த பதில நீங்க எழுத்துல கேட்டுப் பாக்கலாம், திருத்தச் சொல்லலாம், திருத்த மாட்டேன்னா உங்க பக்க விளக்கத்தையும் கூடவே சேக்க வைக்கலாம்.

ஓடிஆர்_தம்பி:
ரொம்ப நன்றிண்ணா, ரெண்டு பேருக்கும். ரெண்டு சந்தேகம். நோட்டீஸ் அனுப்புன உடனே எங்கயோ தூரத்துல இருக்கும்போதே வண்டிய விட்டு இறங்குன்னுட்டா என்ன பண்றது? அப்புறம் இந்த ட்ரெய்லர்ல பிரேக் சரியில்ல, எழுதிக் குடுத்தும் லோட முடிச்சிட்டு வா அப்புறம் பாக்கலாம்ங்கிறாங்க.

டேங்கர்_அண்ணன்:
அப்படி நடக்குது தம்பி, அதனால வீட்டுப் பக்கம் இருக்கிற நாளா பாத்து அனுப்புங்க. உங்க துணிமணி, பேப்பரு, டேஷ்கேம் எல்லாத்தையும் முன்னாடியே இறக்கிருங்க. இறங்கச் சொன்னா வாய்ல சொன்னத ஏத்துக்காதீங்க, மெசேஜ்ல போடச் சொல்லுங்க, அவங்க சொன்ன இடத்துலயே விட்டீங்கன்னு இருந்தா, அபாண்டன்மென்ட், அதான் வண்டிய போட்டுட்டுப் போயிட்டார்னு எழுதினாலும் எதுத்து வாதாட ஆதாரம் இருக்கும்.

சேஃப்டி_டெஸ்க்:
பிரேக் விஷயத்த வேலைய விடுறதோட கலக்காதீங்க தம்பி. டிவிஐஆர்ல (வண்டிக் குறைகள எழுதுற தினசரி சோதனை ரிப்போர்ட்) எழுதி போட்டோ எடுத்து வச்சுக்கங்க, இந்த ட்ரெய்லர் சேஃப் இல்ல, சரி பண்ணிக் குடுங்க, பண்ணதும் ஓட்டுறேன்னு மெசேஜ் அனுப்புங்க. இப்படி ஓட்ட மறுத்ததுக்காக வேலைய விட்டு எடுத்தாலோ ரிப்போர்ட்ல மோசமா எழுதினாலோ டிரைவர்களப் பாதுகாக்குற எஸ்டிஏஏ சட்டத்துல ஓஷாங்கிற தொழிலாளர் பாதுகாப்புத் துறைகிட்ட புகார் குடுக்கலாம், 180 நாளுக்குள்ள குடுத்துறணும். அந்த ட்ரெய்லர இன்னைக்கு ரோட்ல எடுக்காதீங்க, ரிப்பேருக்கு எழுத்துல கேட்டுட்டு என்ன பதில் வந்துச்சுன்னு இங்க போடுங்க.