மறு: ‘சைல்ட்ஃப்ரீ’க்குத் தமிழ்? (நாளை மாலைக்குள் வேண்டும்)

பொற்கொடி:
குழுவினருக்கு வணக்கம். சமூகவியல் இளங்கலைப் பாடம் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ‘சைல்ட்லெஸ்’, ‘சைல்ட்ஃப்ரீ’ இரண்டும் ஒரே வரியில் வந்து நிற்கின்றன. முன்னவருக்குப் பிள்ளை இல்லை. பின்னவர் வேண்டாமென்று முடிவெடுத்தவர். இரண்டாவது சொல் பரவியதில், 1972இல் கலிபோர்னியாவில் தொடங்கிய பெற்றோரல்லாதார் தேசிய அமைப்புக்குப் பங்குண்டு. எனக்கோ இரண்டுக்குமே ‘குழந்தையற்றோர்’தான் வருகிறது.

முத்துக்குமரன்:
மகப்பேறிலி. நாணிலி, பொறியிலி போல. முடிந்தது வேலை.

பொற்கொடி:
பேறு என்றாலே பெறத்தக்கது, ஐயா. அதோடு ‘இலி’யும் சேர்ந்தால் துக்கம் விசாரிப்பது போலிருக்கிறது.

சண்முகம்:
‘பிள்ளை வேண்டாதோர்’ என்று எனக்குத் தனிமடலில் ஒருவர் எழுதினார். தவறு. “குழவியும் மகவும் ஆயிரண்டு அல்லவை கிழவ அல்ல மக்கட் கண்ணே” என்கிறது தொல்காப்பியத்தின் மரபியல். மனிதருக்குக் குழவி, மகவு என்ற சொற்களே உரியவை, பிள்ளை உரியதன்று. எனவே மகவேண்டாமை, செய்பவர் மகவேண்டார். “வேண்டாமை அன்ன விழுச்செல்வம்” என்றாரே வள்ளுவர், அதில் குறை எங்கே இருக்கிறது?

முத்துக்குமரன்:
அப்படியானால் பிள்ளைத்தமிழை மகவுத்தமிழ் ஆக்கிவிடலாமா? தென்னைக்கும் அணிலுக்கும் கிளிக்கும் பிள்ளை கொடுத்த தமிழன் தன் பிள்ளைக்கு மட்டும் தரமாட்டானா?

நிலா:
சண்முகம் ஐயா, அந்தக் குறள் துறவறவியல். இவர்கள் மாதாமாதம் வீட்டுக்கடன் கட்டும் இல்லறத்தார். அதோடு ‘வேண்டார்’ என்றால் பகைவர் என்றும் பொருள். குழந்தைகளை வெறுப்பவர்கள் என்ற ஏச்சு ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு நாமும் இலக்கணம் எழுதித் தர வேண்டுமா? எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். “விசேஷம் உண்டா?” என்பவரிடம் “நாங்க வேணாம்னு இருக்கோம்” என்றுதான் சொல்கிறேன். எங்களைப் போன்றவர்கள் இணையத்தில் இந்த மாதிரிக் கேள்விகளைக் கட்டம் கட்டிப் போட்டு, யாராவது கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக அடித்து ‘பிங்கோ’ விளையாடுகிறார்கள். வயசான காலத்துல யாரு பாத்துப்பா? பேர் சொல்ல ஒண்ணு வேணாமா? ஒரே கல்யாண வீட்டில் எனக்கு ஒரு வரிசை முழுக்க நிறைந்துவிடும்.

அன்வர்:
கர்ப்பத்தடை பற்றிப் பெரியார் எழுதியதைப் பாருங்கள். மற்றவர்கள் பெண்ணின் உடல்நலம், குடும்பத்தின் வறுமை என்று காரணம் சொன்னபோது, அவர் பெண்ணின் விடுதலை என்றார். ‘ஃப்ரீ’க்கு நேரான சொல் அங்கேயே கிடக்கிறது. மகவிடுதலை!

சண்முகம்:
மகவை விடுவிப்பதா, மகவினின்று விடுபடுவதா? இரண்டாம் வேற்றுமையா, ஐந்தாம் வேற்றுமையா? விரித்துச் சொல்லுங்கள்.

நிலா:
எனக்கு விடுதலைப் பத்திரம்தான் நினைவுக்கு வருகிறது. தங்கையிடம் சொத்துக்குக் கையெழுத்து வாங்குவது போல.

பொற்கொடி:
மணி நாலரை. ‘விரும்பி மகப்பேறு தவிர்த்தோர்’ என்று போட்டு அனுப்பிவிடட்டுமா? நீளம்தான். ஆனால் மாணவருக்குப் புரியும்.

முத்துக்குமரன்:
சரி.

அன்வர்:
அரைமனதாகச் சரி.

நிலா:
தவிர்ப்பதென்றால் ஏதோ வரவிருந்ததைத் தடுத்தது போலிருக்கிறது. நாங்கள் எதையும் தவிர்க்கவில்லை, அம்மா. இருந்தாலும் உங்கள் அவசரத்துக்கு அனுப்புங்கள்.

சண்முகம்:
என் மறுப்பைப் பதிவு செய்க. ‘பிள்ளை’ குறித்து இன்னும் இரண்டு நூற்பாக்கள் இருக்கின்றன. இரவு எழுதுகிறேன்.