முல்லைப் பெரியாறு கட்டுரை: குறிப்பு நிறைய இருக்கிறது, எழுதத்தான் வரவில்லை

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர்ப் பொங்கல் விழா மலருக்கு முல்லைப் பெரியாறு அணை பற்றி ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். தகவலுக்குப் பஞ்சமில்லை. 1886-ல் திருவிதாங்கூரோடு போட்ட 999 வருடக் குத்தகை, மறு வருடம் தொடங்கிய வேலை, சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் பொடி) குழைத்த கட்டுமானம், மேற்கே ஓடிய தண்ணீரை மலையைக் குடைந்து வைகைப் பக்கம் திருப்பியது, 1895-ல் திறப்பு என்று நோட்டு நிறைய இருக்கிறது. ஆனால் உட்கார்ந்து எழுதினால் பரீட்சைப் பேப்பர் மாதிரி வருடம் வருடமாகத்தான் வருகிறது, எழுதிய எனக்கே கொட்டாவி.

நீங்களாக இருந்தால் எங்கிருந்து தொடங்குவீர்கள்? கம்பம் பக்கம் கடைச் சுவரில் சாமி படத்தோடு மாலை போட்டுத் தொங்கும், அணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் படத்தில் தொடங்க ஒரு யோசனை, ஆனால் எல்லோரும் அங்கேதானே தொடங்குகிறார்கள். காட்டுக்குள் காய்ச்சலில் செத்துப்போன கூலியாட்களிடமிருந்து ஆரம்பித்தால் விழா மலருக்குக் கனமாகிவிடுமோ?

அப்புறம் பென்னிகுவிக் தன் சொத்தை விற்று அணை கட்டிய கதை. ஊரில் அதைக் கேட்காத ஆளில்லை, ஆவணம் ஒன்றும் என் கண்ணில் படவில்லை. விட்டால் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள், உண்மை என்று எழுதவும் மனசு வரவில்லை. "என்று சொல்வார்கள்" போட்டு நகர்ந்துவிடலாமா?

800 வார்த்தைக்கு மேல் ஒரு வரிகூடப் போட மாட்டார்களாம். வெட்டும்போது முதலில் எதை வெட்டுவீர்கள், எழுதியதை எத்தனை நாள் ஆறப்போட்டுத் திருத்துவீர்கள்? மலர்களுக்கு எழுதிப் பழகியவர்கள் முதல் வரியிலிருந்து அச்சுக்குப் போகும்வரை உங்கள் வழக்கத்தைச் சொல்லுங்கள். முதல் பத்தி தேறினால் இங்கேயே போடுகிறேன், தயங்காமல் கிழியுங்கள்.