பாட்டாவின் பழைய தோட்டா மருந்தை ரிவால்வருக்குப் போடலாமா?

ரப்பர்க்காரன், குலசேகரம்:

ஓடு மாற்றுவதற்காக மச்சைக் காலி செய்தபோது பாட்டாவின் தகரப்பெட்டி கிடைத்தது. மரச்சீனியைக் கிளற வரும் காட்டுப்பன்றிக்காக அவர் பன்னிரண்டு போர் (bore, குழல் அளவு) இரட்டைக்குழல் ஷாட்கன் வைத்திருந்தார். லைசென்ஸ் உண்டு. அவர் காலமானதும் துப்பாக்கியை அப்பா முறைப்படி ஒப்படைத்துவிட்டார், இந்தப் பெட்டியை யாரும் நினைக்கவில்லை. உள்ளே காலி உறைகள், ஈயக்குண்டு, அட்டை வில்லைகள், அப்புறம் பாதிக்குமேல் மருந்து இருக்கிற ஒரு டப்பா. லேபிளைப் பூச்சி அரித்துவிட்டது. மருந்து சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னச் செதிலாக இருக்கிறது. மூடியைத் திறந்ததும் ரப்பர் பாலை உறைய வைக்கிற ஆசிட் மாதிரி மூக்கில் ஏறியது. மூடிக்கு உள்பக்கம் செம்மண் நிறத்தில் தூள்.

மாமாவிடம் லைசென்ஸோடு .32 ரிவால்வர் இருக்கிறது. "தோட்டா விற்கிற விலைக்கு இதையே அளந்து போட்டுக்கலாம். அமெரிக்காவில் ஷாட்கன் மருந்தைத்தானே கைத்துப்பாக்கிக்கும் போடுகிறான்" என்கிறார். உண்மையா?

தோவாளைக் காற்று:

மாமா சொல்வதில் பாதி சரி. யூனிக் மாதிரி இரண்டுக்கும் ஆகிற மருந்து அங்கே விற்கிறது. ஆனால் அவன் சீல் போட்ட டப்பாவை வாங்கி, கம்பெனி அச்சிட்ட அட்டவணையைப் பார்த்து, இன்ன குண்டுக்கு இத்தனை கிரெய்ன் (மருந்தை நிறுக்கிற சின்ன எடை அளவு) என்று நிறுத்துப் போடுகிறான். உங்கள் டப்பாவுக்குப் பெயரே இல்லையே, எந்த அட்டவணையைப் பார்ப்பார் மாமா?

பழைய ஆர்மரர் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்), அருமனை:

தம்பி, அந்த வாடை வந்துவிட்டது என்றால் ரிவால்வர் பேச்சுக்கே இடமில்லை. முதல் வேலையாக வீட்டுக்காரர்களை அந்தப் பெட்டிப் பக்கம் போகவிடாமல் பாருங்கள்.

புகையில்லா மருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். அது சும்மா இருக்கும்போதே மெல்லச் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுவை விடும். அதைப் பிடித்துக்கொள்ள டைஃபீனைலமைன் போன்ற ஒன்றைச் சேர்த்திருப்பார்கள். அது தீர்ந்துபோனால் உண்டாகிற அமிலமே சிதைவை இன்னும் முடுக்கிவிடும். உள்ளே சூடு ஏறும், தானாகவே தீப்பிடிக்கவும் கூடும். நீங்கள் பார்த்த செந்தூள் அந்த அமிலம் தகரத்தைத் தின்ற அடையாளம். ஓட்டுக்குக் கீழே சித்திரை வெயிலும் இரண்டு மழைக்காலமும் மாறி மாறி அடித்தால் எந்த மருந்து தாங்கும்? பிரான்சின் துலோன் துறைமுகத்தில் 1907இல் இயேனா, 1911இல் லிபர்ட்டே என்று இரண்டு போர்க்கப்பல்கள் இப்படிக் கெட்டுப்போன மருந்தால்தான் வெடித்தன என்பார்கள். கப்பற்படைக் கிடங்குக்கே அந்தக் கதி.

சரி, மருந்து நன்றாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு போர் குழலின் உள்விட்டம் 18.5 மில்லிமீட்டர், .32க்கு 8 கூட வராது. அந்த அகலக் குழலுக்கென்று வேகமாக எரியச் செய்த மருந்தை இத்தனூண்டு உறைக்குள் அடைத்தால் அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நிறத்தையும் செதிலையும் பார்த்து எரியும் வேகத்தைக் கண்டுபிடிக்கிற ஆள் இன்னும் பிறக்கவில்லை.

வீரியம் குறைந்த மருந்து இன்னும் மோசம். 'புஸ்' என்று ஒரு சத்தம், குண்டு குழலின் பாதியில் நின்றுவிடும். தோட்டா வெடிக்கவில்லை என்று நினைத்து அடுத்ததைச் சுடுவார்கள், அது நின்ற குண்டில் போய் மோதும். அப்படி ஒரு ரிவால்வர் என் மேசைக்கு வந்தது. குழலின் நடுவில் சுற்றிலும் வளையமாக ஒரு புடைப்பு, விரலால் தடவினாலே தெரியும். உள்ளே விளக்கடித்தால் அந்த இடம் மட்டும் கறுப்பாக இருக்கும். சுட்டவருக்கு ஆயுசு கெட்டி.

தக்கலை வக்கீல்:

சட்டத்தையும் மாமாவுக்குச் சொல்லிவிடுங்கள். அவருடைய லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கவும் கடையில் தோட்டா வாங்கவும்தான். வீட்டில் தோட்டா தயாரிக்க 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் தனி உரிமம் வேண்டும். இல்லாமல் செய்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். குழலில் போடுகிற மருந்தும் அந்தச் சட்டத்தின் கண்ணில் 'அம்யூனிஷன்', அதாவது தோட்டா வகைதான். உரிமம் உள்ளவர் காலமானால் ஒப்படைக்க 21ஆம் பிரிவு இருக்கிறது, அதன்படி போங்கள். பெட்டியை பைக்கில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள், போன் செய்து அவர்களை வரச் சொல்லுங்கள்.

ரப்பர்க்காரன்:

நன்றி அண்ணாச்சி. ஸ்டேஷனுக்குச் சொல்லியாச்சு, நாளைக்கு வருகிறார்களாம். மாமா இரண்டு நாளாகப் பேசவில்லை, அது போகட்டும். காலி உறைகளை நான் வைத்துக்கொள்ளலாமா? பாட்டா ஞாபகமாக.

தக்கலை வக்கீல்:

வேண்டாம். அவற்றையும் அவர்களிடம் காட்டி, எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டாவின் பழைய லைசென்ஸ் புத்தகம் இருந்தால் அதன் நகலையும் கையோடு கொடுங்கள்.