கலைச்சொல்: ‘உள்ளார்ந்த சார்பு’க்கு மாற்றாக ‘உடனெழு முற்சாய்வு’

> ‘உள்ளார்ந்த சார்பு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமே?

வணக்கம் ஐயா,

ஒரு குழுவினர்மீது யோசிக்குமுன்னரே எழும் சாய்வை (implicit bias) குறிக்கும் சொல் இது. ‘உள்ளார்ந்த’ என்றால் பிறவிக்குணம், மாறாதது என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். ஆய்வுகள் சொல்வது நேர்மாறு. 2001இல் உளவியலாளர்கள் லோவரி, ஹார்டின், சின்க்ளேர் அமெரிக்காவில் நடத்திய சோதனைகளில், சோதனையாளர் கறுப்பினத்தவராக இருந்தபோது வெள்ளையரிடம் கறுப்பினத்தவர்மீதான முற்சாய்வு குறைவாகவே பதிவானது. எதிரில் இருப்பவர் எதை ஏற்பார் என்ற உணர்வு, யோசிக்குமுன் எழும் எதிர்வினையையும் தொடுகிறது. அதே ஆண்டில் செக்ரிஸ்ட், ஸ்டேங்கர் இருவரும் மறுபக்கத்தைக் காட்டினார்கள்: முற்சாய்வு மிகுந்தவர்கள், சக மாணவர்களில் பெரும்பாலோர் தம் கருத்தினரே என்று அறிந்ததும் கறுப்பினத்தவரிடமிருந்து இன்னும் தள்ளி உட்கார்ந்தார்கள்.

‘தன்னிச்சை’யும் பொருந்தாது, இங்கே இச்சையை யாரும் கேட்பதில்லை. ‘அனிச்சை’ பாடநூலில் தண்டுவடச் செயலுக்கு உரியது. ஆகவே ‘உடனெழு’.

> ‘உள்ளுறை’ நல்ல பழஞ்சொல். அது ஏன் கூடாது?

கூடும், ஆனால் அளவுமுறைக்கு. 1998இல் கிரீன்வால்ட் குழு வெளியிட்டதை ‘உள்ளுறைத் தொடர்புச் சோதனை’ (Implicit Association Test) எனலாம். கணினித் திரையில் வரும் முகங்களையும் சொற்களையும் விசை அழுத்தி வகைப்படுத்தும் வேகத்தை அது அளக்கிறது. அதன் வழக்கமான வடிவில் 7 கட்டங்கள். வெள்ளையர் முகத்துக்கும் நல்ல சொல்லுக்கும் ஒரே விசை. பிறகு இணை மாறி, கறுப்பினத்தவர் முகத்துக்கும் நல்ல சொல்லுக்கும் ஒரே விசை. இரண்டுக்கும் இடையிலான சராசரி நேர வேறுபாட்டைத் திட்டவிலக்கத்தால் (அவருடைய பதில் நேரங்கள் எவ்வளவு சிதறியுள்ளன என்ற அளவால்) வகுக்க வேண்டும். வகுக்காமல் மில்லிநொடியை அப்படியே எடுத்தால், பொதுவாகவே மெதுவாக விசை அழுத்தும் முதியோர் முற்சாய்வு மிகுந்தவர்களாகத் தெரிவார்கள். 10 நொடியைத் தாண்டிய பதில்களை நீக்குவார்கள். 300 மில்லிநொடிக்குக் குறைந்த பதில்கள் 10 விழுக்காட்டை மீறினால், அவர் பார்க்காமலே அழுத்தியிருக்கிறார். அவருடைய தரவு முழுவதையும் விட்டுவிட வேண்டும். மறுசோதனையில் ஒருவரின் மதிப்பெண் கணிசமாக மாறுவதால், ஒரே சோதனையை வைத்து ‘இவர் முற்சாய்வாளர்’ என்று பாடநூலில் எழுதுவது பெரும் பிழை.

> குறைவதை ‘முற்சாய்வு நீக்கம்’ எனலாமா?

வேண்டாம், ‘தணிவு’ போதும். 2016இல் லாய் குழு முற்சாய்வைக் குறைக்கச் சோதித்த 9 வழிகளும் உடனடியாகப் பலன் தந்தன. சில மணிநேரம் முதல் சில நாள்களுக்குள் பலன் மறைந்துவிட்டது.

இன்னொன்று: ‘சமூக நெறி’ என்ற ஒரே சொல், பலர் செய்வதையும் பலர் ஏற்பதையும் குழப்புகிறது. முன்னதை ‘நடப்பு வழமை’ என்றும் பின்னதை ‘ஏற்பு வழமை’ என்றும் பிரிக்கலாம் என்பது என் முன்மொழிவு. உளவியல் பாடம் நடத்துவோர் சொல்லுங்கள்.