செஸ்னா 172: வானில் இன்ஜின் உதறியது, தரையில் எல்லாம் சரி என்கிறார்கள். உதவுங்கள்

சோலோ மாணவன்
கொஞ்சம் அவசரம். நாளை மறுநாள் காலை அதே விமானத்தில் மறுபடி சோலோ, அதாவது இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் தனியாகப் போக வேண்டும். இன்று ஃபுளோரிடாவில் செப்ரிங்கிலிருந்து கிழக்குக் கரைக்குத் திரும்பும்போது 2500 அடியில் ஆர்பிஎம் (இன்ஜின் சுழற்சி வேகம்) மெல்ல இறங்கியது, அப்புறம் இன்ஜின் உதற ஆரம்பித்தது. த்ராட்டில் கொடுத்தும் பெரிய மாற்றம் இல்லை. கார்ப் ஹீட் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் ஐஸ் பிடித்தால் உருக்கச் சூடான காற்று விடும் குமிழ்) போட்டேன், உதறல் கூடியது. அதனால் ஐஸ் இல்லை. ஐந்து நிமிடம் கழித்துத் தானாகவே சரியானது. மெக்கானிக் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்கிறார். வேறு என்னவாக இருக்கும்?

வால்காற்று
எந்த 172? கார்ப் ஹீட் இருக்கிறது என்றால் ஆர், எஸ் ரகம் இல்லை, அவற்றில் கார்புரேட்டர் இல்லை, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். 172எம், 172என், 172பி, இவற்றில் எது? வெப்பநிலை, டியூ பாயின்ட் (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) எவ்வளவு? பெட்ரோல் ஸ்விட்சை எந்த டேங்கில் வைத்திருந்தீர்கள்?

பழைய ஸ்பேனர்
தம்பி, இது ஸ்பார்க் பிளக். பயிற்சி விமானங்களில் மாணவர்கள் மிக்ஸ்சரை முழுக்க ரிச்சாக (காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாக) வைத்தே தரையில் டாக்ஸி செய்வார்கள். 100எல்எல் என்ற விமானப் பெட்ரோலில் இருக்கும் ஈயம் கீழ்ப்பக்க பிளக்குகளில் சின்னச் சின்ன மணியாக ஒட்டிக்கொள்ளும். நான் ஊசியால் குத்தி எடுத்திருக்கிறேன். மேக் செக்கில் (பிளக்குக்கு மின்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோக்களையும் தனித்தனியாகச் சோதிப்பது) ஆர்பிஎம் எவ்வளவு இறங்கியது?

ஏழாயிரம் மணி
கையேட்டை ஒருமுறை திறந்து படித்திருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. சோலோவுக்கு அனுப்பும்போது கார்புரேட்டர் எப்படி வேலை செய்கிறது என்று கேட்கிற வழக்கம் எங்கள் காலத்தில் இருந்தது. கார்ப் ஹீட்டை எத்தனை விநாடி வைத்திருந்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

நீலவானம்
ஃபுளோரிடாவில் ஏது ஐஸ்? எனக்குத் தண்ணீர் மேல்தான் சந்தேகம். பழைய செஸ்னாவில் டேங்க் மூடியின் ரப்பர் தேய்ந்தால் மழைத்தண்ணீர் உள்ளே போகும். காலையில் சம்ப் எடுத்தீர்களா, டேங்க் அடியிலிருந்து பெட்ரோலைப் பிடித்துத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

சோலோ மாணவன்
மன்னிக்கவும், எழுதாமல் விட்டுவிட்டேன். 172என். தரையில் 19 டிகிரி, டியூ பாயின்ட் 17. டேங்க் போத், இரண்டிலிருந்தும். சம்ப் சுத்தமாக இருந்தது. மேக் செக் 1700 ஆர்பிஎம்மில் இடது 70, வலது 80 இறங்கியது. கீழே இறங்குவதற்காக ஆர்பிஎம்மை 2100-க்குக் குறைத்திருந்தேன். கார்ப் ஹீட் நாலைந்து விநாடி இருக்கும். உதறல் பயங்கரமாகியதும் உள்ளே தள்ளிவிட்டேன்.

வால்காற்று
கிடைத்துவிட்டது. அந்த நாலைந்து விநாடிதான் விஷயம். சூடான காற்று போனதும் ஐஸ் உருகித் தண்ணீராக இன்ஜினுக்குள் போகும். அப்போது உதறல் கட்டாயம் கூடும். உதறல் கூடினால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். முழுக்க இழுத்து, ஆர்பிஎம் ஏறும்வரை அப்படியே விட வேண்டும்.

நீலவானம், வெளியே ஐஸ் விழத் தேவையில்லை. பெட்ரோல் ஆவியாவதாலும் வென்சுரியில் (கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில்) அழுத்தம் குறைவதாலும் உள்ளே வெப்பநிலை வெளியைவிட 33 முதல் 39 டிகிரி வரை குறையலாம். 21 டிகிரிக்குக் கீழே, ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேலே என்றால்தான் வாய்ப்பு மிக அதிகம். 19-க்கு 17 என்பது அதற்குள் அப்படியே உட்காருகிறது. 38 டிகிரி வெயிலில்கூட நடக்கலாம். தரையில் மெக்கானிக்குக் கிடைக்காததற்கும் இதுதான் காரணம். இன்ஜின் மூடியான கவுலிங்கைத் திறப்பதற்குள் தடயம் உருகிப் போயிருக்கும்.

பழைய ஸ்பேனர்
இது லைகாமிங் இன்ஜின், கார்புரேட்டர் ஆயில் சம்பிலேயே (இன்ஜின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியிலேயே) பொருந்தியிருக்கிறது, அந்தச் சூடு இருக்கும். ஐஸ் தொல்லை அதிகம் பழைய கான்டினென்டல் இன்ஜினுக்குத்தான். நான் இன்னும் பிளக் பக்கம்தான்.

வால்காற்று
வாய்ப்பு குறைவு, உண்மைதான். ஆனால் இல்லாமல் போய்விடாது. இரண்டு மேக்னெட்டோவிலும் இறக்கம் 125-க்குள், வித்தியாசம் 50-க்குள். பிளக் என்றால் அங்கே தெரிந்திருக்கும்.

ஏழாயிரம் மணி
எல்லோரும் இன்ஜினையே பேசுகிறீர்கள். உதறுகிற இன்ஜினோடு வழியிலிருந்த ஒக்கிச்சோபியைத் தாண்டி வீட்டுக்கு ஏன் போனார்? தெற்கே 20 மைலுக்குள் ஓடுபாதை இருந்தது.

நெல்லை பைலட்
சார், அவர் மாணவர். வேறு இடத்தில் இறக்கினால் பள்ளியில் கேள்வி வரும், மெக்கானிக்கை அனுப்பக் காசு கேட்பார்கள் என்ற பயம் எனக்கும் இருந்தது. அந்தப் பயத்தை வைத்துவிட்டுப் போனது பள்ளிகள். அவரை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

ஏழாயிரம் மணி
குறை சொல்லவில்லை. பயத்தால் எடுத்த முடிவு என்றால் அதையும் சேர்த்துப் பேசத்தான் வேண்டும். இறக்கியதற்காக எந்த மாணவனையும் நான் திட்டியதில்லை.

நெல்லை பைலட்
அப்படி எல்லோரும் இருந்தால் நல்லது. தம்பி, நாசா நடத்தும் விமானப் பாதுகாப்பு அறிக்கை அமைப்பான ஏஎஸ்ஆர்எஸ்-க்கு எழுதுங்கள். 1976 முதல் இருக்கிறது, பெயரை எடுத்துவிடுவார்கள். 10 நாளுக்குள் அனுப்பினால், தெரியாமல் நடந்த விதிமீறலுக்குத் தண்டனையிலிருந்து பாதுகாப்பும் உண்டு.

நீலவானம்
இதில் விதிமீறல் எங்கே?

நெல்லை பைலட்
இல்லாவிட்டாலும் எழுதலாம். அடுத்தவர் படித்துத் தெரிந்துகொள்ளத்தான் அது.

வால்காற்று
மாணவரே, நாளை மறுநாள் தனியாகப் போகாதீர்கள். விமானத்தின் குறிப்பேட்டில் எழுதுங்கள், வாயால் சொன்னது போதாது. கார்ப் ஹீட் கேபிள் முழுக்கத் திறக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். ரன்-அப்பில் (புறப்படும் முன் தரையில் இன்ஜினைச் சோதிக்கும்போது) கார்ப் ஹீட் குமிழை இழுத்தால் ஆர்பிஎம் தெளிவாக இறங்க வேண்டும். அப்புறம் இன்ஸ்ட்ரக்டரைக் கூட்டிக்கொண்டு இதேபோல ஒரு ஈரக் காலையில் போங்கள்.

சோலோ மாணவன் (நான்கு நாள் கழித்து)
சோலோவைத் தள்ளிவைத்தேன். இன்று இன்ஸ்ட்ரக்டரோடு போனேன், கேபிள் சரி. வெப்பநிலை 18, டியூ பாயின்ட் 16. ஆர்பிஎம்மை 2100-இல் வைத்திருந்தோம், கொஞ்ச நேரத்தில் தானாக 2000-க்கு வந்தது. கார்ப் ஹீட்டை முழுக்க இழுத்தேன். உடனே உதறியது. என் கை தானாகவே குமிழை உள்ளே தள்ளப் போனது, அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இருபது விநாடி இருக்கும், ரொம்ப நீளமாகத் தெரிந்தது. அப்புறம் சத்தம் சீரானது, ஆர்பிஎம் ஏறியது. எல்லோருக்கும் நன்றி. ஒக்கிச்சோபி பற்றியும் அவரிடம் சொன்னேன்.

பழைய ஸ்பேனர்
நல்லது தம்பி, ஐஸ்தான், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் கீழ்ப்பக்க பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார்களா?