ஃபிராங்க்-வுல்ஃப் பாதியில் படுத்துவிட்டது, யாராவது கை கொடுங்களேன்

வணக்கம் நண்பர்களே. சாலை வலைப்பின்னலில் வாகனங்கள் எப்படிப் பிரிந்து ஓடும் என்று கணக்கிட பைத்தானில் ஒரு நிரல் எழுதுகிறேன்; விடையைச் சுற்றுச் சுற்றாக நெருங்கும் ஃபிராங்க்-வுல்ஃப் முறையில் தொடங்கினேன். இலக்கு 1952இல் வார்ட்ராப் சொன்ன சமநிலை: ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு வண்டிகள் ஓடும் வழிகளிலெல்லாம் ஒரே பயண நேரம், ஓடாத வழியில் அதைவிடக் குறைவு கிடையாது. சோதனைக்கு வழக்கமான சூ ஃபால்ஸ்தான், அந்த அமெரிக்க ஊரின் பெயரில் உள்ள மாதிரி வலைப்பின்னல். 24 முனைகள், 76 இணைப்புகள். (நிஜ ஊரை இதில் தேடாதீர்கள்!)

முதல் சில சுற்றுகளில் சமநிலையிலிருந்து உள்ள விலகல் சரசரவென்று இறங்குகிறது. 10⁻⁴ பக்கம் வந்ததும் செக்குமாடுதான். ஒவ்வொரு சுற்றும் மொத்த ஓட்டத்தையும் குறுகிய வழிகளின் பக்கம் ஒன்றாக இழுப்பதால் கடைசியில் அடி நீளம் (ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் நகர்கிறோம் என்பது) ஏறக்குறைய பூச்சியமாகிவிடுகிறது. இது முறையின் குணம், என் பிழையல்ல என்றே நினைக்கிறேன்.

அதனால் டயலின் 'பி' முறைக்கு (Algorithm B) மாறினேன்; இது புறப்படும் இடம் வாரியாக ஓட்டத்தை நீண்ட வழியிலிருந்து குறுகிய வழிக்கு மாற்றும். புறப்படும் இடம் ஒவ்வொன்றுக்கும் சுழற்சியில்லாத துணை வலைப்பின்னல் வேண்டும். புறப்படும் இடத்திலிருந்து ஆகும் குறைந்தபட்ச நேரத்தை மட்டும் பார்த்துப் புது இணைப்பைச் சேர்த்தேன், சுழற்சி விழுந்துவிட்டது. அதிகபட்ச நேரத்தை வைத்துச் சோதித்தால் போதுமா? ஓட்டம் பூச்சியமான இணைப்புகளை எப்போது கழற்றுவது? எழுதிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். முந்தைய சுற்றுகளின் திசையையும் கணக்கில் எடுக்கும் இணை (conjugate) ஃபிராங்க்-வுல்ஃபே போதும் என்றால் அதையும் சொல்லுங்கள், ஒரு வாரம் மிச்சமாகும்.