ஹீலியம் லீக் டெஸ்ட்: பேக்கிரவுண்டு 6×10⁻⁸-இலேயே நிற்கிறது, மாஸ் 3-க்கு மாற்றலாமா?

எர்ணாவூர்_பட்டறை:

வணக்கம். எர்ணாவூரில் ஒரு வேக்கம் சேம்பர் டெஸ்டில் சிக்கி நிற்குது. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304, டிக் வெல்டிங், 60 லிட்டர். மூடிக்கு 200 மி.மீ. வைட்டான் (செயற்கை ரப்பர்) ஓ-ரிங், பக்கத்தில் நாலு கே.எஃப். 25 (கிளாம்ப் போட்டு மாட்டுற) போர்ட். பார்ட்டி அனுமதிக்கிற அதிகபட்ச லீக் 1×10⁻⁹ மில்லிபார் லிட்டர்/செகண்ட் (கீழே எல்லாம் இதே யூனிட்தான்). சேம்பருக்குள்ளே வேக்கம் போட்டு, வெளியே ஹீலியம் அடிச்சா, லீக் வழியா உள்ளே புகுற ஹீலியத்தை அளக்கிற டிடெக்டர் வாடகைக்கு எடுத்தது. சேம்பர் வாயில் பம்பிங் வேகம் சுமார் 2 லிட்டர்/செகண்ட்.

இன்லெட் பிரஷர் 8×10⁻⁴ மில்லிபார் வரை ஒழுங்கா இறங்குது. ஆனா பேக்கிரவுண்டு (ஹீலியம் அடிக்காதப்பவே காட்டுற ரீடிங்) 6×10⁻⁸-க்குக் கீழே போகலை. முழு சேம்பருக்கும் பாலிதீன் பை மாட்டி ஹீலியம் நிரப்பினா முதல் 8 நிமிஷம் அசைவே இல்லை. அப்புறம் மெல்ல ஏற ஆரம்பிச்சு ஏறிக்கிட்டே போகுது. பையைக் கழட்டி அரை மணி ஆகியும் இறங்கலை. வெல்டு மேல தனியா அடிச்சுப் பார்த்தா எங்கேயும் காட்டலை. ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணி நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பார்க்கிறது) முந்தாநாள் முடிஞ்சது.

லீக் எங்கேதான் இருக்கு? எந்த நிறையுள்ள வாயுவைத் தேடணும்னு மாற்றிக்க மெஷினில் மாஸ் 2, 3, 4 மூணும் இருக்கு. 3-இல் வச்சா காத்துல இருக்கிற ஹீலியம் தொல்லை பண்ணாதுன்னு சொல்றாங்க, அது சரியா? பலூன் கேஸ் சிலிண்டர் போதுமா?

கசிவுத்தேடி:

நீங்கள் கொடுத்த எண்களிலேயே பாதி விடை இருக்கிறது. 8×10⁻⁴ மில்லிபாரைப் பம்பிங் வேகமான 2 லிட்டரால் பெருக்குங்கள்: 1.6×10⁻³. சேம்பருக்குள் வரும் மொத்த வாயுவே அவ்வளவுதான். அது முழுக்க வெளிக்காற்று என்றே வைத்துக்கொள்வோம். காற்றில் ஹீலியம் பத்து லட்சத்தில் 5.24 பங்கு, ஆகவே ஹீலியமாக வருவது சுமார் 8.4×10⁻⁹-ஐத் தாண்டாது. மெஷின் காட்டுவதோ அதைப்போல ஏழு மடங்கு. எனவே இது காற்றுக் கசிவு இல்லை. ஏற்கெனவே ஹீலியத்தைக் குடித்து வைத்திருக்கும் ஏதோ ஒன்று அதைத் திரும்பக் கக்குகிறது.

அது எது என்று பிரிக்க, சேம்பரைக் கழற்றிவிட்டு டிடெக்டர் வாயில் பிளாங்க் ஃபிளேஞ்ச் (துளையில்லாத மூடி) போடுங்கள். அப்போதும் இறங்காவிட்டால் பம்ப் ஆயில்மீதுதான் சந்தேகம். கேஸ் பலாஸ்டை (பம்புக்குள் கொஞ்சம் காற்று விட்டு ஆயிலில் கரைந்த வாயுவை வெளியேற்றும் வால்வு) திறந்து 20–30 நிமிடம் ஓட்டுங்கள். பம்பின் எக்ஸாஸ்டைக் குழாய் போட்டு ஷெட்டுக்கு வெளியே விடுங்கள், இல்லாவிட்டால் தள்ளிய ஹீலியத்தையே மறுபடி இழுப்பீர்கள். பிளாங்க் போட்டதும் இறங்கிவிட்டால் ஹோஸ் அல்லது ஓ-ரிங். பி.வி.சி., ரப்பர் ஹோஸ் வேண்டாம், எஸ்.எஸ். பெல்லோஸ் (நெளி உலோகக் குழாய்) மட்டும். ஓ-ரிங்கை எடுத்துவிட்டு ஹீலியம் படாத புதியதைப் போடுங்கள். கிரீஸ் பளபளப்பு தெரியும் அளவுக்கு மேல் தடவக்கூடாது. அதுவும் ஹீலியத்தைப் பிடித்து வைக்கும், ஃபிளேஞ்சில் உள்ள கீறலையும் மறைக்கும்.

அடுத்து அந்த 8 நிமிடம். 60 லிட்டரை 2-ஆல் வகுத்தால் 30 செகண்ட். நிஜமான ஓட்டை இருந்தால் 30 செகண்டில் அதன் அளவில் 63 சதவீதத்தையும், 90 செகண்டில் 95 சதவீதத்தையும் மெஷின் காட்டிவிடும். ஓட்டை 8 நிமிடம் சும்மா இருக்காது. வைட்டானுக்குள் ஹீலியம் கரைந்து ஊடுருவி மறுபக்கம் வர எடுக்கும் நேரம்தான் அது. 200 மி.மீ. ரிங்கின் சுற்றளவு 63 செ.மீ.; சுற்றிலும் சுத்த ஹீலியத்தை மணிக்கணக்கில் நிறுத்தினால் ஊடுருவல் மட்டுமே 10⁻⁶ அளவில் போய் நிற்கும். வெல்டு எவ்வளவு அருமையாக இருந்தாலும் முழுப் பை போட்டு 1×10⁻⁹ வாங்கவே முடியாது.

ஒன்று, ரிங்கைப் பைக்கு வெளியே விட்டு பாடியை மட்டும் சோதியுங்கள். ரிங் ஜாயின்டில் தனியாக ஹீலியம் அடித்து 2 நிமிடத்துக்குள் ரீடிங் எடுத்து முடித்துவிடுங்கள். அல்லது டெஸ்டுக்கு மட்டும் ரிங்குக்குப் பதில் இண்டியம் கம்பி வைத்து மூடியை இறுக்குங்கள். எதுவானாலும் பார்ட்டியிடம் பேசி டெஸ்ட் புரொசீஜரில் முன்பே எழுதி வாங்குங்கள். ஜீரோ பட்டனை அமுக்கி 6×10⁻⁸-ஐ மறைத்துவிட்டு 10⁻⁹ என்று சர்டிஃபிகேட் போடுவது தவறு. பேக்கிரவுண்டு கேட்ட அளவில் பத்தில் ஒரு பங்குக்கு வந்த பிறகுதான் அந்த ரீடிங்குக்கு மதிப்பு.

மணலி_கியூசி:

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனால் எனக்குப் பெரிய கவலை அந்த ஹைட்ரோ டெஸ்ட். வெல்டில் எதுவும் காட்டவில்லை என்பதை இப்போதைக்கு நம்பாதீர்கள். 1 மைக்ரான் துளையில் தண்ணீர் புகுந்தால் பரப்பு இழுவிசை அதைக் கிட்டத்தட்ட 3 பார் அழுத்தத்துக்குச் சமமாகப் பிடித்துக்கொள்ளும். உள்ளே எவ்வளவு வேக்கம் இழுத்தாலும் வெளியிலிருந்து தள்ளுவது 1 பார்தான். துளை அடைத்தபடியே இருக்கும், ஹீலியம் போகாது, ஜாப் பாஸ் ஆகிவிடும். சைட்டில் காய்ந்த பிறகு லீக் திறக்கும். டை பெனட்ரன்ட்டும் (விரிசலைக் காட்டத் தடவும் சாயம்) இதே வேலையைத்தான் செய்யும். அடுத்த ஜாபில் ஹீலியத்தை முதலில் முடியுங்கள், ஹைட்ரோ பிறகு. இந்த ஜாபுக்கு ஓ-ரிங்குகளைக் கழற்றிவிட்டு 110–120 டிகிரி சூடான காற்றில் பல மணி நேரம் உலர்த்திய பின் மறுபடி டெஸ்ட் செய்யுங்கள். ஹைட்ரோவுக்கு எந்தத் தண்ணீர்? எர்ணாவூர், மீஞ்சூர் பக்கம் போர் தண்ணீரில் கடல் உப்பு ஏறியிருக்கும். அது காய்ந்தால் துளையில் உப்பு தங்கும், குளோரைடு எஸ்.எஸ்.ஸையும் அரிக்கும். டி.எம். வாட்டர் (தாது உப்பு நீக்கிய தண்ணீர்) மட்டும்.

அடிக்கும் முறை: ஊசி முனையை ஒரு டம்ளர் தண்ணீரில் வைத்து, செகண்டுக்கு ஒன்றிரண்டு குமிழி வரும்படி வால்வைத் திருகுங்கள். அதற்கு மேல் வீண், ஷெட் முழுக்கப் பரவும். ஹீலியம் மேலே ஏறுகிற வாயு, ஆகவே மேலிருந்து கீழே வாருங்கள். கீழே தொடங்கினால் மேலே உள்ள லீக்கைக் கீழே இருப்பதாக நினைப்பீர்கள். மத்தியானம் கடல் காற்று எழுந்துவிட்டால் நம் பக்கத்து ஷெட்டில் எதுவும் நிலையாக இருக்காது. ஃபேனை அணைத்துவிட்டு விடிகாலையில் செய்யுங்கள்.

கேலிபரேஷன் லீக்கையும் (மெஷினைச் சரிபார்க்க வைக்கும், அளவு தெரிந்த லீக்) பாருங்கள். கண்ணாடி வழியே ஊடுருவும் வகை என்றால் டிகிரிக்குச் சுமார் 3 சதவீதம் கூடும். சர்டிஃபிகேட் 23 டிகிரிக்கு, ஷெட் 35 டிகிரி என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக விடும். திருத்தாமல் கேலிபரேட் செய்தால் மெஷின் எல்லா லீக்கையும் குறைத்தே காட்டும்.

குளிர்நிலை:

மாஸ் 3 வேண்டாம். சிலிண்டரில் வருவது ஹீலியம்-4. நிலத்தடியில் யுரேனியம், தோரியம் சிதையும்போது வெளிவரும் ஆல்ஃபா துகள்தான் எலக்ட்ரானைப் பிடித்து இந்த ஹீலியம் ஆகிறது. மணவாளக்குறிச்சி மோனசைட் மணலைச் சூடாக்கினாலும் இதேதான் வரும். அதில் ஹீலியம்-3 பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இருக்காது. 3-இல் வைத்துக்கொண்டு இந்த கேஸை அடித்தால் பெரிய லீக்கே கண்ணுக்குத் தெரியாது. பேக்கிரவுண்டும் ஒழியாது: சேம்பர் சுவரில் ஒட்டிய ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன்–டியூட்டீரியம் மூலக்கூறும் நிறை 3-இல்தான் விழும். மாஸ் 2 ஹைட்ரஜனுக்கு. 5 சதவீத ஹைட்ரஜன், மீதி நைட்ரஜன் கலவையை டிரேசராக (லீக்கைத் தேடும் வாயுவாக) வைப்பவர்களுக்கு உதவும். எஸ்.எஸ். தானாகவே ஹைட்ரஜன் விடுவதால் 10⁻⁹-க்கு அது எட்டாது.

ஹீலியம்-3-ஐத் தனியாக வாங்கி அடிக்கவும் வழியில்லை. 12.3 ஆண்டு அரை ஆயுள் கொண்ட டிரிட்டியம் (ஹைட்ரஜனின் கதிரியக்க ஐசோடோப்) சிதைந்து கிடைக்கும் அரிய சரக்கு அது. நியூட்ரானைப் பிடித்து ஒரு புரோட்டானாகவும் டிரிட்டானாகவும் (டிரிட்டியத்தின் அணுக்கரு) உடைந்து 764 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தருவதால் நியூட்ரான் டிடெக்டர் குழாய்களுக்கு அது வேண்டும். ஹீலியம்-4 நியூட்ரானைப் பிடிக்காது. இன்னொரு பெரிய தேவை டைலூஷன் ஃபிரிட்ஜ்: இரண்டு ஐசோடோப்பையும் கலந்து 0.87 கெல்வினுக்குக் கீழே கொண்டுபோனால் எண்ணெயும் தண்ணீரும் போல இரண்டு அடுக்காகப் பிரியும். மேலடுக்கிலிருந்து ஹீலியம்-3 கீழே இறங்கும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். மில்லிகெல்வினில் தொடர்ந்து குளிர வைக்க அதுதான் முக்கிய வழி.

கேஸ் தரம்: 99.999 தேவையில்லை, இண்டஸ்ட்ரியல் கிரேடு போதும். பலூன் கேஸில் காற்றுக் கலப்பு எவ்வளவு என்று தெரியாததால் ரீடிங்கைத் திருத்த முடியாது, அதனால் தவிருங்கள். ஹீலியம் நிரம்பிய பைக்குள்ளோ பெரிய டேங்குக்குள்ளோ யாரும் தலையை நுழைக்கக்கூடாது. வாசனை கிடையாது, மூச்சுத் திணறலும் தெரியாது, இரண்டு மூன்று மூச்சில் ஆள் சரிந்துவிடுவார்.

எர்ணாவூர்_பட்டறை:

ரொம்ப நன்றி அண்ணா. ஹைட்ரோவுக்கு விட்டது போர் தண்ணிதான், டி.எம். வாட்டரில் கழுவிட்டு உலர்த்துறேன். ரிங்கைப் பைக்கு வெளியே விடுறதுன்னா, மூடியையும் பாடியையும் ஒரே பையில் போட முடியாதே?

கசிவுத்தேடி:

முடியும். மூடியும் பாடியும் சேரும் இடுக்கைச் சுற்றி அலுமினியம் டேப் ஒட்டுங்கள். ஒரு பக்கம் மெல்லிய குழாயைச் செருகி நைட்ரஜனை லேசாக விடுங்கள். எதிர்ப்பக்கம் இன்னொரு குழாயைச் செருகி அதன் மறுமுனையைப் பைக்கு வெளியே கொண்டுவாருங்கள். இடுக்கில் நைட்ரஜன் ஓடிக்கொண்டே இருந்தால் ஹீலியம் ரிங் வரை போகாது. கே.எஃப். போர்ட்டுகளுக்கும் கிளாம்ப் மேல் இதே ஏற்பாடு. பிறகு பையை மாட்டி, 5 நிமிடத்துக்குள் ரீடிங் எடுத்து, உடனே கழற்றிவிடுங்கள்.